வீட்டுக்குப் பின்னால் ஏரி, ஏரிக்குள் முதலை: வாசகர் கேள்வி பதில்

சித்திரை பிறந்தால் ஃபுளோரிடா வாசகர்களிடமிருந்து இந்த ஒரு விஷயம் பற்றியே கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். அலிகேட்டர் என்கிற அமெரிக்க முதலைகள் இணை தேடிக் கிளம்புகிற காலமும் அதுதான். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை மொத்தமாக எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் ஒருவர் கேட்டதற்கான பதில் இன்னொருவருக்கும் வேண்டியிருக்கிறது.

கேள்வி: மதுரையிலிருந்து டாம்பா பக்கம் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஏரி. தினமும் சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் ஆமைகளுக்கும் மீன்களுக்கும் பிரெட்டைப் பிய்த்துப் போடுவேன், கோயில் குளத்தில் பொரி போடுகிற மாதிரி. போன வாரம் ஏதோ கட்டை மிதக்கிறது என்று பார்த்தால் அது கண்ணைச் சிமிட்டுகிறது! மகளும் மாப்பிள்ளையும் "இங்கே இதெல்லாம் சகஜம்மா" என்கிறார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பேரனுக்கு நாலு வயசு. என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி, டாம்பா)

பதில்: அம்மா, உங்கள் பயமும் நியாயம், மாப்பிள்ளை சொல்வதும் உண்மை. ஃபுளோரிடாவில் 67 கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது, 67-லும் அலிகேட்டர் உண்டு. மாநிலம் முழுக்கச் சுமார் 13 லட்சம் என்று அரசாங்கக் கணக்கு. நீங்கள் ஏரி என்று சொல்வது பெரும்பாலும் வீடுகள் கட்டும்போது மழைநீர் தேங்குவதற்காகத் தோண்டிய குட்டையாக இருக்கும். "லேக் வியூ" என்று சொல்லி அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருப்பார்கள். அந்தக் குட்டைகள் பூமிக்கடியில் குழாய் வழியாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும், பக்கத்துச் சதுப்பு நிலத்தோடும் தொடர்பு இருக்கும். அதனால் நேற்று இல்லாத முதலை இன்றைக்கு இருப்பதும், இன்றைக்கு இருப்பது அடுத்த வாரம் காணாமல் போவதும் சாதாரணம். இப்போது சீஸன் வேறு. ஏப்ரலில் ஆரம்பித்து மே, ஜூன் வரை பெரிய ஆண்கள் சின்ன ஆண்களை விரட்டும், விரட்டப்பட்டது உங்கள் குட்டையில் வந்து படுத்துக்கொள்ளும்.

ஆக, முதலை தெரிவது ஆபத்து இல்லை. ஆனால் அந்த பிரெட்டைத் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள்.

நான் சொல்வது கடுமையாகப் படலாம். மீனுக்குப் பொரி போடுவது நமக்குப் புண்ணியக் காரியம், சின்ன வயதிலிருந்து பழகினது, பேரனுக்குக் காட்டிக் கொடுக்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கரையில் நடப்பதை முதலையின் பக்கத்திலிருந்து பாருங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள், தண்ணீரில் ஏதோ விழுகிறது, ஆமையும் மீனும் கூட்டமாகக் கூடுகின்றன, அதாவது அதன் சாப்பாடு ஒரே இடத்தில் வந்து சேருகிறது. பிரெட் ஆமைக்குப் போட்டதா தனக்குப் போட்டதா என்று அதற்குத் தெரியாது. கொஞ்ச நாளில் மனிதக் கால் கரையில் தெரிந்தாலே உணவு வந்துவிட்டது என்று பழகிவிடும். இயல்பாக அலிகேட்டருக்கு மனிதர்களைக் கண்டால் பயம். அந்தப் பயம்தான் உங்கள் பேரனுக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற ஒரே வேலி. அதை நாமே பிய்த்துப் போடக் கூடாது. அலிகேட்டருக்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம் என்பதற்குக் காரணமும் இதுதான். மீன் கழுவின செதிலையும் குடலையும் கூட ஏரியில் கொட்டாமல் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, நேரம். சாயங்காலம் இருட்டத் தொடங்குவதிலிருந்து விடியும் வரை அது வேட்டையாடுகிற நேரம். நீங்கள் போவது சரியாக அப்போதுதான். 2016 ஜூன் மாதம் ஆர்லாண்டோவில் டிஸ்னி விடுதி ஒன்றின் ஏரிக்கரையில் நடந்ததை உங்கள் மகளும் கேள்விப்பட்டிருப்பார். இரண்டு வயதுக் குழந்தை, ராத்திரி ஒன்பது மணி வாக்கில், விளிம்பில் கணுக்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றது. பெற்றோர் பக்கத்திலேயே இருந்தார்கள். அப்பா கையாலேயே போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அதற்கப்புறம்தான் அந்தக் கரைகளில் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வந்தன. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆழம் இல்லையே, பக்கத்தில் பெரியவர்கள் இருக்கிறோமே என்கிற தைரியம் இந்த விஷயத்தில் உதவாது, அவ்வளவுதான். பேரனை வெயில் நேரத்தில் கூட்டிப் போங்கள், விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள், கையை விடாதீர்கள். ஆமையைத் தூரத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள், அதுவும் அவனுக்கு விளையாட்டுத்தான்.

அப்புறம், அது எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், மேலே தெரிவது கண் மேடு இரண்டும் மூக்கு நுனியில் ஒரு மொக்கும்தான். கண்ணிலிருந்து மூக்குத் துவாரம் வரை எத்தனை அங்குலம் இருக்கும் என்று கண்ணாலேயே கணித்துப் பாருங்கள். அந்த அங்குலக் கணக்குதான் ஏறக்குறைய அதன் நீளம், அடிக் கணக்கில். எட்டு அங்குல இடைவெளி என்றால் எட்டடி முதலை. இரவில் ஜன்னலிலிருந்து டார்ச் அடித்தால் கண் செந்தணல் மாதிரி மின்னும், எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நாலடிக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக மனிதருக்கு ஆபத்து இல்லை என்றுதான் மாநில வனவிலங்கு ஆணையம் சொல்கிறது. நாலடிக்கு மேல் இருந்தாலும், உங்களைப் பார்த்ததும் சத்தமில்லாமல் முங்கிவிடுகிறதா, விலகி நீந்துகிறதா, அல்லது அக்கரையில் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கிறதா, விட்டுவிடுங்கள். வெயில் காய்வது அதன் பிழைப்பு, உடம்புச் சூட்டுக்கு வேறு வழி அதற்கு இல்லை. நீங்கள் கரைக்கு வந்ததும் உங்களை நோக்கி நீந்தி வந்தால்தான் விஷயம் வேறு. யாரோ அதற்குத் தீனி போட்டுப் பழக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதேபோல வாசற்படி, கராஜ், நீச்சல்குளம் என்று வீட்டுக்குள் வந்துவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. மகளை விட்டு 866-392-4286 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். எஃப்.டபிள்யூ.சி. என்கிற அந்த ஆணையத்தின் முதலைப் புகார் எண் அது, காசு கிடையாது.

கேள்வி: ஆர்லாண்டோவில் எங்கள் குடியிருப்பு ஏரியில் ஏழடி அலிகேட்டர். அந்த எண்ணுக்குப் பேசினால், பிடிப்பவரை அனுப்புவோம், பிடித்தபின் கொன்றுவிடுவார்கள் என்கிறார்கள். என் மனைவிக்கு இதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. நாங்கள் சைவம் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை, ஏதாவது காட்டில் கொண்டுபோய் விட முடியாதா? (ஒரு வாசகர், ஆர்லாண்டோ)

பதில்: பெரும்பாலும் முடியாது. இதைப் பலரும் போனைப் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அலிகேட்டருக்குத் தன் இடம் நன்றாகத் தெரியும். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் பிடித்த இடத்துக்கே திரும்பப் பார்க்கும், வழியில் ரோடு, இன்னொருவர் வீட்டுக் கொல்லை எல்லாவற்றையும் கடக்கும். புது இடத்திலும் சும்மா இடம் காலியாக இருக்காது, ஏற்கெனவே அங்கே இருக்கிற பெரிய முதலை இதை விரட்டும் அல்லது கடித்துக் குதறும். எந்தக் காடு என்கிறீர்கள்? ஆள் நடமாட்டமே இல்லாத, முதலையும் இல்லாத நல்ல நீர்நிலை ஃபுளோரிடாவில் எங்கே மிச்சம் இருக்கிறது? அதனால்தான் ஆணையத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிற டிராப்பர், அதாவது முதலை பிடிப்பவர், வந்து பிடித்தால் கொன்றுவிடுவார், தோலும் இறைச்சியும் அவருக்கு. அதுதான் அவருடைய முக்கிய வருமானம். எப்போதாவது ஒன்றை உயிரோடு பண்ணைக்கோ காட்சிசாலைக்கோ கொடுப்பதுண்டு, அதை நம்பிக்கொண்டு போன் செய்யாதீர்கள்.

ஆனால் இதில் உங்கள் கையில் ஒரு விஷயம் இருக்கிறது. புகார் எடுக்க வேண்டுமென்றால் அது நாலடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மனிதருக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று புகார் செய்பவர் கருத வேண்டும். கருதுவது யார்? நீங்கள்தான்! அந்த ஏழடி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. சும்மா கிடக்கிறதா, ஆளைப் பார்த்து வருகிறதா? சும்மா கிடந்தால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பிடித்துக் கொண்டுபோனாலும் அந்த இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது, குழாய் வழியாக இன்னொன்று வரும், அதன் குணம் எப்படி என்று யாருக்குத் தெரியும். ஆளை நோக்கி வருகிறது என்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போன் செய்யுங்கள், அதில் பாவ புண்ணியம் பார்க்க நேரமில்லை, ஏரியைச் சுற்றிக் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்தது தீனி போட்ட ஆள்தான். அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து அதைப் பேசுங்கள், வெட்கப்படாமல் பேசுங்கள். நம்ம ஆட்கள்தான் பிரெட் போடுகிறார்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஏரி உங்கள் பெயரில் இருக்காது, அசோசியேஷன் பெயரில் இருக்கும். இடத்துக்குச் சொந்தக்காரரோ நிர்வாகமோ அனுமதி கொடுக்காமல் டிராப்பர் உள்ளே வர மாட்டார். அவசரம் வந்த அன்றைக்கு யாரைக் கேட்பது என்று அலையாமல், நிர்வாகியின் எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் நீங்களே எதையும் முயற்சி செய்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் கொல்வது ஃபுளோரிடாவில் பெரிய கிரிமினல் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

கேள்வி: அண்ணா, நான் தினமும் வேலை முடிந்து நாயோடு ஏரியைச் சுற்றி ஓடுவேன். சின்ன நாய்தான். முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள், நிஜமா? (ஜாக்சன்வில் வாசகர்)

பதில்: இல்லை தம்பி, வளைந்து ஓடுவது கட்டுக்கதை. தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாக நேராக ஓடு, போதும். அலிகேட்டர் பாய்கிற வேகம் அசுர வேகம், ஆனால் அது ஒரு மூச்சுப் பாய்ச்சல்தான், நிலத்தில் விரட்டிக்கொண்டே ஓடிவராது. அதன் வேலை பதுங்கியிருப்பது, விளிம்பில் வருவதை இழுப்பது. அதனால் ஓட்டத்தைவிட நீ எந்த இடத்தில் ஓடுகிறாய் என்பதுதான் முக்கியம்.

எனக்குக் கவலை உன்னைப் பற்றி இல்லை, அந்த நாயைப் பற்றித்தான். சின்ன நாயின் உயரமும் நடையும் அதற்கு ராக்கூன் என்கிற சின்னக் காட்டு விலங்கு மாதிரி, வழக்கமான இரை மாதிரி. கயிற்றை நீளமாக விடாதே, புல்லுக்குள் மோப்பம் பிடிக்க விடாதே, ஏரியில் தண்ணீர் குடிக்க விடவே விடாதே. கோடையில் நாய்க்குத் தாகம் எடுக்கும், கையில் ஒரு பாட்டில் வைத்துக்கொள். முடிந்தால் விடிந்த பிறகு வெயிலில் ஓடு. ஏதாவது நடந்து நாயை இழுத்துவிட்டது என்றால் தயவுசெய்து பின்னாலேயே தண்ணீரில் குதிக்காதே. சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன்னையே பிடித்துவிட்டால் செத்த மாதிரி நடிக்கக் கூடாது. கத்த வேண்டும், அடிக்க வேண்டும், கண்ணைக் குத்த வேண்டும், மூக்கில் ஓங்கிக் குத்த வேண்டும். இந்த இரை வேண்டாம், தொந்தரவு என்று அது நினைத்தால் சில நேரம் வாயைத் திறக்கும், அந்த நொடியில் வெளியே வா. சின்னக் கடியாக இருந்தாலும் உடனே மருத்துவமனை, ஏனென்றால் அதன் வாயிலிருக்கும் கிருமிகளால் காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். இதெல்லாம் அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோடிக்கு மேல் ஜனத்தொகை இருக்கிற மாநிலத்தில், சீண்டாமலே நடக்கிற பலமான கடி வருடத்துக்குச் சராசரியாக எட்டுத்தான்.

கேள்வி: வேலி போட்டால் வராதா? (ஒரு வாசகி, டாம்பா)

பதில்: கம்பி வலை வேலியை அலிகேட்டர் ஏறித் தாண்டும், பார்த்தால் நம்ப மாட்டீர்கள். நீச்சல்குளத்தைச் சுற்றியிருக்கிற மெல்லிய ஸ்கிரீனை முட்டிக் கிழித்துக்கொண்டும் வந்துவிடும். வேலி நல்லதுதான், முக்கியமாகக் குழந்தை கதவைத் திறந்து கரைக்கு ஓடாமல் இருக்க. வேலி இருக்கிறதே என்று விளிம்பில் கவனம் குறையக் கூடாது. காலையில் நீச்சல்குளத்தில் இறங்கும் முன் ஒரு பார்வை.

கேள்வி: எங்கள் வீட்டுப் பக்கத்துக் கால்வாய்ப் புல்லில் மஞ்சள் வரி போட்ட சின்னக் குட்டிகள் கீச் கீச் என்று கத்துகின்றன. பசங்க ஒன்றை மீன் தொட்டியில் வைத்து வளர்க்கக் கேட்கிறார்கள். (ஃபோர்ட் மையர்ஸ்)

பதில்: ஐயோ, கிட்டவே விடாதீர்கள்! அந்தக் கீச் சத்தம் அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம். ஜூன் கடைசி, ஜூலையில் புல்லும் சேறும் குவித்து அதில் முட்டை போடும், ஆகஸ்ட் நடுவிலிருந்து குஞ்சு வரும், தாய் பக்கத்திலேயே ஒரு வருடம், அதற்கு மேலும் கூட நிற்கும். குட்டி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் தாய் நமக்குத் தெரியாத இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உஸ்ஸ் என்று சீறும், அது கடைசி எச்சரிக்கை, திரும்பிப் பார்க்காமல் பின்வாங்கிவிட வேண்டும். அனுமதியில்லாமல் குட்டியை வைத்திருப்பதும் சட்டவிரோதம்தான். பசங்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: 1967-இல் இந்த இனமே அழியப்போகிறது என்று பட்டியலில் சேர்த்தார்கள், தோலுக்காக அவ்வளவு வேட்டை, சட்டம் போட்டுக் காப்பாற்றி 1987-இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். அவர்கள் பார்த்த குட்டிகள் அப்படித் தப்பிப் பிழைத்த வம்சம்.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் ஷுகர் லேண்டில் இருக்கிறோம். மழை வெள்ளம் வந்தால் முதலை தெருவுக்கு வருமா? (ஒரு வாசகர்)

பதில்: வரும். 2017-இல் ஹார்வி புயல் வெள்ளத்தின்போது உங்கள் பகுதியிலேயே பார்த்திருப்பார்கள். தண்ணீர் பரவினால் அதற்கு எல்லை தெரியாது, வடிந்ததும் தானாகவே திரும்பிப் போகப் பார்க்கும். அதுவரை வெள்ளத்தில் இறங்கி நடக்காதீர்கள், முக்கியமாக இருட்டில். டெக்சஸில் கூப்பிட வேண்டியது டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறையை, ஆளை நெருங்கி வந்துவிட்டால் உடனே 911. அங்கேயும் தீனி போடுவது குற்றம்.

கேள்வி: அமெரிக்கா கதை இருக்கட்டும் ஐயா. எங்கள் நெடுங்குன்றம் ஏரியில் முதலை இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? (தாம்பரம் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்துபோன வீடியோவை எல்லாரும் பார்த்தோம். அது அலிகேட்டர் இல்லை, நம்ம ஊர்ச் சதுப்பு முதலை. இந்தியாவில் அலிகேட்டர் காட்டில் கிடையாது, மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிற முதலைப் பண்ணையில் வேண்டுமானால் பார்க்கலாம். மேலே சொன்ன முன்னெச்சரிக்கை எல்லாமே இங்கேயும் பொருந்தும், இன்னும் கூடுதல் கவனத்தோடு, ஏனென்றால் நம் ஆட்கள் ஏரியில் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், மாடு கழுவுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். கொள்ளிடக் கரையில் சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் அப்படி இறங்கிக் கடிபட்டவர்கள் உண்டு. ஃபுளோரிடாவில் கரையைத் தவிர்ப்பது சுலபம், இங்கே கரைதான் பலருக்குப் பிழைப்பு. அதனால் ஆளுக்கு ஆள் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. எச்சரிக்கைப் பலகை, குளிக்கிற துறையைச் சுற்றி வலைத் தடுப்பு, தெருவிளக்கு, ஏரியில் கோழிக்கழிவு கொட்டுவதற்குத் தடை, இதையெல்லாம் ஊராட்சியிடம் எழுதிக் கேட்க வேண்டும். கோழிக்கழிவு கொட்டுவதும் முதலைக்குத் தீனி போடுவதுதான், அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை! முதலை வெளியே வந்துவிட்டால் வனச்சரக அலுவலகம் அல்லது தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கல்லெறிந்து கூட்டம் கூட்டினால் பயத்தில் எந்த வீட்டுக்குள் நுழையும் என்று சொல்ல முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலிக்கு இருக்கிற அதே உச்சப் பாதுகாப்பு சதுப்பு முதலைக்கும் இருக்கிறது.

கேள்வி: என் பையனுக்குப் பத்து வயது, அலிகேட்டர் பைத்தியம். வீட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து காத்திருக்கிறான். பத்திரமாக எங்கே காட்டலாம்? (மயாமி)

பதில்: கரையில் உட்காருவதை இன்றோடு நிறுத்திவிட்டு, டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் ஷார்க் வேலி (Shark Valley) என்ற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். மழையில்லாத மாதங்களில் தண்ணீர் வற்றி, மிச்சமிருக்கிற பள்ளங்களில் அலிகேட்டர்கள் ஒன்றாகக் கூடிக் கிடக்கும். 15 மைல் சுற்றுப் பாதை, டிராம் வண்டி போகிறது, நடுவில் ஒரு பார்வைக் கோபுரம். பாதையோரத்திலேயே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி, குழந்தைகளுக்கு இன்னும் தள்ளியே நில்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வார இறுதியில் கார் நிறுத்த இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், பையனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்க வேண்டாம்.